பன்னிரண்டுக்குப் பதினெட்டு

வால்டிவியாவில் ஜூன் மாதம். மழை
இருபத்து மூன்றாம் நாளாக வேலைக்கு வருகிறது,
என்னைப் போலவே, விடுப்பு எடுக்காமல்.

துறைமுக அலுவலகத்தில்
யார் கணினியில் எந்த மென்பொருள்,
எத்தனை பேருக்கு உரிமம், என்று காலாவதி
என்று கணக்குப் பார்ப்பவள் நான்.
எல்லோரும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துவதை
முழுக்கப் படிக்க எனக்குச் சம்பளம்.
நீங்கள் வாங்கியதல்ல, வாடகைக்கு எடுத்தது
என்று விளக்கினால்
கணக்குப் பிரிவு இலாரியோ சிரிப்பார்:
"வீடும் அப்படித்தான். இப்போது இந்த முழங்காலும்."

இரவில் புத்தகம் கட்டுகிறேன். நாற்பத்தோரு கவிதை.
பக்கம் அமைக்கும் மென்பொருள் முப்பது நாள் ஓசி.
முப்பத்தோராம் நாள்
ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் சாம்பல் நிறத்தில்
'மாதிரி' என்று விழுந்தது,
என் திருமணத்தைப் பற்றிய கவிதையின் மேலும்.
அங்கே அது பொருந்தியதை
யாரிடமும் சொல்லவில்லை.

தமாரிஸ் தன் சாவி எண்ணைப்
பேருந்துச் சீட்டின் பின்புறம் எழுதித் தந்தாள்.
இருபத்தைந்து எழுத்து.
ஒரு நபர், ஒரு இயந்திரம்.
திருப்பிக் கொடுத்தேன். யோக்கியம் ஒன்றுமில்லை;
அந்த விதியை ஊழியர் எல்லோருக்கும்
கடிதமாய் அனுப்பியவளே நான்தான்.

வேறொன்று கிடைத்தது, விலையில்லாதது.
அதன் உரிமத்தை இரண்டு தடவை படித்தேன்:
பயன்படுத்து. பிரித்துப் பார். மாற்று. கொடு.
மாற்றியதைக் கொடுக்கும்போது
உனக்குத் திறந்த கதவை
அடுத்தவர் முகத்தில் சாத்தாதே.
அலுவலகத்தில் இப்படி ஒரு வரி
பதினோரு வருடத்தில் கண்ணில் பட்டதில்லை.

எழுத்துருவும் அந்த மாதிரிதான், ஆனால்
மாபுசே மொழியில் நிலாவுக்கு நாங்கள் சொல்லும் சொல்லில்
ஓர் உயிரெழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி வரும்.
அந்தப் புள்ளிகள் மேல் வரியில் போய் இடித்தன.
ஒரு மயிரிழை கீழே இறக்கினேன்.
அப்போதுதான் அந்தப் பத்தி:
மாற்றிய எழுத்துக்குப் பழைய பெயர் ஆகாது.

தேநீர் ஆறிப்போனது.
என் அடையாள அட்டையில் இன்னும்
அவனுடைய குடும்பப்பெயர்.
எழுத்துருவுக்கு 'ஈரக்கூரை' என்று பெயரிட்டேன்.
அட்டைக்கு விண்ணப்பம் எங்கே என்று
இன்னும் விசாரிக்கவில்லை.

அச்சகத்தில் பௌதிலியோ
பெரிய தாளை மேசைமேல் விரித்துப்
பென்சிலால் கோடு போட்டார்.
"பன்னிரண்டுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர், வீணாவது கொஞ்சம்தான்.
பதினான்குக்கு இருபத்தொன்று என்றால்
பாதி ஆற்றுக்குத்தான் அச்சடிப்போம்."
எனக்குப் பதினான்குதான் வேண்டியிருந்தது,
ஒரே ஒரு வரிக்காக:

மீன் சந்தைப் படியில் கடல் சிங்கம் போல் என் வாழ்வில் நீ கிடந்தாய் யாரும் எழுப்பவில்லை

பன்னிரண்டில் அது மடிந்து
'எழுப்பவில்லை' மட்டும் தனியே கீழே விழுகிறது.
எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணாடி தேடுவார்கள்.
புத்தகத்தைப் படுக்க வைத்தால்
அலமாரியில் யார் இடம் தருவார்?

இரண்டு அளவிலும் அட்டை வெட்டி
மழைக்கோட்டுப் பையில் வைத்து
பாலத்தைக் கடந்து நடந்தேன்.
பெரியது விளிம்புக்கு மேல் தலை நீட்டி
திரும்பி வருவதற்குள் ஊறிப்போனது.
சிறியது உள்ளே, கைக்குட்டையோடு,
என் சூட்டில்.

விழட்டும் அந்தச் சொல்.

உரிமைப் பக்கத்துக்கு மென்பொருளிடமிருந்தே கடன்:
'இக்கவிதைகள் உள்ளது உள்ளபடி தரப்படுகின்றன.
எந்தக் காரியத்துக்கும் உதவும் என்ற
உத்தரவாதம் இல்லை.
நகலெடுக்கலாம், மாற்றலாம்.
மாற்றினால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.'

பௌதிலியோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"எந்தப் பெயரை?" என்றார்.
"முகப்பில் இன்னும் ஒன்றும் போடவில்லையே நீங்கள்."

வெளியே கடல் சிங்கங்கள்
மீன் தலைக்குச் சண்டை போட்டன.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
என்னிடம் நீட்டினார்.